சுமதி பயாலஜி படிக்கவில்லை

கண்ணு,

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் பெரியவர்கள் பக்கத்துக்கு நாலு வரி ஆசீர்வாதம் எழுதித் தரச் சொல்லி நீதான் என்னைக் கேட்டாய். "எல்லாரும் நல்லா இருக்கோணும், குழந்தைங்க தமிழை மறக்கக் கூடாது, அவ்வளவு எழுதினாப் போதுமுங்கம்மா" என்று சொல்லி, எவ்வளவு எழுத வேண்டும் என்பதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அளந்து வேறு காட்டினாய். அஞ்சாவதோடு நின்றவள் அதற்கு மேல் என்னத்தை எழுதிவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பாய். நாலு வரியில் அடங்கவில்லை கண்ணு. எழுத்தும் கோணல்தான். ஆனால் எனக்கு மறதி என்ற வியாதி மட்டும் இன்னும் வரவில்லை. நீ யாரிடம் எப்போது எந்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்ன சொன்னாய் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்த வருஷம் உன் மலருக்கு ஆசீர்வாதம் கிடையாது, இதுதான்.

முதலில் பொய்யைத் திருத்திவிடுகிறேன். பொங்கல் விழாவுக்கு ஸ்கூல் கேன்டீனை வாடகைக்கு எடுத்திருந்தீர்கள். நீ செயலாளர் பேட்ஜைக் குத்திக்கொண்டு பந்தி ஓரம் நின்றாய். டல்லாஸ் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் உன்னிடம், "பொண்ணு என்ன பண்றாங்க?" என்று கேட்டது. "பயாலஜி, ஃபைனல் இயர். மெடிசனுக்கு ரெடி பண்ணிட்டிருக்கா" என்றாய். கூச்சமே இல்லாமல் சொன்னாய். உனக்குப் பின்னால் வடைத் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், "அம்மா, அந்தப் பக்கம் வடை பத்தலையாம்" என்று என்னை விரட்டினாய். சுமதி பயாலஜி படிக்கவில்லை. சுமதி மியூசிக் படிக்கிறாள். அது அவளுடைய மேஜர், பட்டம் வாங்கப் போகிற பாடம். நாலு பேர் நடுவில் போட்ட பொய்யை நாலு பேர் நடுவில்தான் எடுக்க வேண்டும். இந்தக் காகிதத்தை இரண்டாக எழுதியிருக்கிறேன், ஒன்று உனக்கு வருகிறது, இன்னொன்று மலரை அச்சுக்குக் கொடுக்கிற சங்கத்து அம்மாளுக்குப் போகிறது. இரண்டையும் சுமதிதான் தபாலில் போடப் போகிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீதான் அவளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லையே.

ஆமாம், நான் இன்னும் சுமதியோடுதான் இருக்கிறேன். அவள் கச்சேரிக்கு வந்த நான் திரும்பவில்லை. உன் பெண்டாட்டி செல்வி ஞாயிற்றுக்கிழமை தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு சுகர் லேண்டு வீட்டுக்குத் திரும்பியபோது, "அம்மா எங்கே?" என்று கேட்டிருப்பாய். போனில் என்னிடமும் கேட்டாய். "எப்ப வர்றீங்க, யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றாய். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். எப்போது வருவேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது.

உன் தங்கச்சி மரகதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அது எதுக்கு இப்போ என்பாய். அதிலிருந்துதான் ஆரம்பம். நீ அமெரிக்காவுக்கு வந்து வேலையில் உட்கார்ந்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி எழுதினாய். கூடவே, இப்போதெல்லாம் படித்த மாப்பிள்ளை வீட்டில் பாட்டுத் தெரிந்த பெண்ணைக் கேட்கிறார்கள், ஒரு வாத்தியாரை வையுங்கள் என்றும் எழுதினாய். நம் வீட்டில் அதுவரைக்கும் பாட்டென்றால் ரேடியோவில் வருவதுதான். ஈரோட்டிலிருந்து ஒரு வாத்தியார் சைக்கிளில் வந்தார். ஆர்மோனியப் பெட்டி வாங்கினோம். இரண்டு பாட்டு, பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் ஒன்று, இன்னொன்று கேட்டால் இன்னொன்று, அதுதான் பாடத்திட்டம். அந்தப் பிள்ளைக்கு அது பிடித்துப்போகும் என்று யாரும் நினைக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது பாட்டு ஒன்று சொல்லிக் கொடுங்கள் என்று அவளாகவே வாத்தியாரைக் கேட்டாள்.

நீ லீவில் வந்திருந்தபோதுதான் அந்தக் கோயமுத்தூர் இடம் பார்க்க வந்தது. நடு வீட்டில் ஜமுக்காளம் விரித்து அவளை உட்கார வைத்தோம். "என்ற தங்கச்சி நல்லாப் பாடுவாளுங்க" என்று நீதான் ஆரம்பித்தாய். பாடினாள். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மென்றபடி, "குரல் பரவால்லை, கொஞ்சம் நிறம் மட்டு" என்றாள். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம். மறுநாள் சாயந்திரம் வழக்கம்போல வாத்தியார் சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். நீ வாசலிலேயே அவரை நிறுத்தி, "நிச்சயம் ஆயிருச்சுங்க, இனிமே வர வேண்டியதில்லை" என்றாய். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தானுங்க தம்பி தொண்டை திறந்திருக்குது" என்றார். "அதுதான் வேலை முடிஞ்சிருச்சுங்களே" என்றாய் நீ. மரகதம் உள்ளே ஆர்மோனியத்துக்கு முன்னால் துருத்தியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் துணியால் மூடிப் பரண் மேல் ஏற்றியது நான்தான், அதை இல்லை என்று சொல்லவில்லை. இப்போது அவள் பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இருக்கிறாள். தொட்டிலை ஆட்டும்போதுகூட வாயைத் திறக்க மாட்டாள். போனில் ஒரு தடவை கேட்டேன். "பாட்டா? நானா? எப்பம்மா பாடுனேன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா போன பிறகு நீ என்னை சுகர் லேண்டுக்குக் கூட்டி வந்தாய். அப்போது சுமதி ஆறாவது. அந்த ஊர் ஸ்கூலில் ஆறாவது வந்ததும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவள் வயலினை எடுத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் அவள் வாசித்தால் கதவிடுக்கில் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், "அம்மிணி, போதும் விட்டுரு சாமி" என்று நானே கெஞ்சியிருக்கிறேன். நீதான் விடவில்லை. ஆபீசில் யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள், இங்கே மார்க்கு மட்டும் போதாது, நல்ல காலேஜுக்கு ஒரு இன்ஸ்ட்ருமென்ட் வேண்டும், அதில் பரிசு வேண்டும், அதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று. ஸ்கூலில் வாசிப்பது மட்டும் பத்தாது, நம்ம சங்கீதமும் இருந்தால் அப்ளிகேஷனில் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று சனிக்கிழமை தோறும் பாட்டு ஆன்ட்டி வீட்டிலும் சேர்த்துவிட்டாய். ஒரே வயலின்தான். வாரமெல்லாம் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பாள். சனிக்கிழமை சம்மணமிட்டு உட்கார்ந்து அதன் தலையைக் காலில் ஊன்றி, முறுக்காணியைத் திருகித் திருகித் தந்தியின் சுதியையே மாற்றிக்கொண்டு வாசிப்பாள். ஞாயிறு ராத்திரி மறுபடியும் பழைய சுதிக்குத் திருப்புவாள். புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் போய்ப் போய் வருகிறவள் மாதிரி. அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நீ என்ன செய்வாய்? ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஆன்ட்டி வீட்டு வாசலில் காரை நிறுத்துவாய். நானும் அவளும் உள்ளே போவோம். நீ ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, காரிலேயே பேப்பர் படிப்பாய். ஆன்ட்டி வாசல் வரை வந்து, "உள்ளே வாங்களேன், ஒரு காபி சாப்பிடலாம்" என்பாள். "பரவால்லைங்க, நான் இங்கயே இருக்கேன்." வகுப்பு முடிகிற நேரம் ஆனதும் ஒரு ஹாரன். ஒரு வேளை அவள் பாதியில் இருந்தால் இரண்டாவது ஹாரன். அந்தச் சத்தம் கேட்டதும் சுமதி வில்லை எடுத்துவிடுவாள், எந்த இடத்தில் இருந்தாலும். எத்தனையோ சனிக்கிழமை, ஒரு நாள் நீ அந்தப் படி ஏறவில்லை. மேடையில் வாசிக்கும்போது மட்டும் முன்னால் வருவாய், அதுவும் வீடியோ கேமராவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு.

காலேஜுக்கு அனுப்ப டேப் எடுத்த நாளை நினைத்துப் பார். ஏசி சத்தம் விழும் என்று அதை அணைத்துவிட்டாய். டெக்சாஸ் வெயில், கதவு ஜன்னலெல்லாம் அடைத்தாயிற்று. நான் சட்னிக்குத் தாளிக்க அடுப்பைப் பற்ற வைத்தேன். "அம்மா! கடுகு வெடிச்சா டேப்ல விழும், சும்மா இருங்க!" என்று எகிறினாய். சும்மா இருங்க. உன் வீட்டில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். தாளிக்காத சட்னியைத் தின்றோம். அந்தப் பிள்ளை வேர்த்து வழிந்து, தாடையில் வயலின் வழுக்க வழுக்க, நீ சரி என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப வாசித்தது. காலேஜிலிருந்து வரச் சொல்லிக் காகிதம் வந்த அன்றைக்கு நீ ஸ்வீட் பெட்டியோடு வந்து அவளிடம் சொன்னது என்ன? "வயலின் வேலையைக் காட்டிருச்சு. இனிமே கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு கெமிஸ்ட்ரியைப் பிடி." எனக்கு அந்த நிமிஷம் வேப்ப மரத்தில் சாய்ந்திருந்த சைக்கிள் தெரிந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்காக ஒருத்தி. இன்றைக்குக் காலேஜ்காரர்களுக்காக ஒருத்தி. பெண் பார்த்தாயிற்று, பாட்டை நிறுத்து. ஊரைத்தான் மாற்றினாய்.

அந்தக் காலேஜை நீயேதான் தேர்ந்தெடுத்தாய். சின்ன ஊர், சின்னக் காலேஜ், ஆனால் அங்கிருந்து நிறையப் பேர் டாக்டருக்குப் போகிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தாய். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் என்ன என்று மட்டும் நீ விசாரிக்கவில்லை. எனக்குச் சுமதிதான் சொன்னாள். "அப்பத்தா, அங்க ஃபர்ஸ்ட் டே இதுதான் படிக்கணும்னு கிடையாது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கலாம். செகண்ட் இயர் முடியறப்பத்தான் மேஜர் டிக்ளேர் பண்ணணும்." கெமிஸ்ட்ரி எடுத்தாள். சரித்திரம் எடுத்தாள். கூடவே மியூசிக்கும். வாத்தியார் பியானோவில் ஒரு தடவை வாசிப்பாராம், காதில் விழுந்ததைப் பிள்ளைகள் காகிதத்தில் எழுத வேண்டுமாம். அவள் எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தும்போது மற்றவர்கள் இன்னும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார்களாம். பெருமைக்குச் சொல்லவில்லை. இருந்தாலும் குரலில் ஒரு குதிப்பு இருந்தது. அவள் குரலில் அப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

ரெண்டாவது வருஷம் முடிந்து வந்தாளே, அந்தக் கோடை லீவு. கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும், உலகமே இருட்டாகிவிடும் என்று எல்லோரும் பயந்து, நீ கராஜில் தண்ணீர் பாட்டிலாக அடுக்கின வருஷம். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். செல்வி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டேட், ஐ டிக்ளேர்டு."

"என்ன டிக்ளேர்?"

"மேஜர். மியூசிக்."

நீ சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "யாரு கையெழுத்துப் போட்டது?"

"என் அட்வைசர்."

"பெத்தவன் கையெழுத்து வேண்டாமா அதுக்கு?"

"வேணாம் டேட். இட்ஸ் மை மேஜர்."

"ஹாபியா வெச்சுக்கோ. யாரு வேண்டாங்கறா?"

"டெய்லி பிராக்டிஸ் பண்ணு, பண்ணுன்னு சொன்னீங்க. எதுக்கு?"

"காலேஜுக்கு!"

"இப்ப காலேஜ்லதானே இருக்கேன்" என்றாள் அவள்.

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். நீ எழுந்து கை கழுவினாய். மியூசிக் மேஜர் படித்தும் டாக்டருக்குப் போகலாம், ஆனால் எனக்கு வேண்டாம் என்று அந்தப் பிள்ளை உன் முதுகைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். "அம்மா, இது உங்களுக்குப் புரியாது, சும்மா இருங்க."

மறுநாள் காலையில் வயலின் இல்லை. அலமாரி, கட்டில் அடி, கராஜில் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடினாள். நீ ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டாள். "பத்திரமா இருக்கு. எம்கேட் எழுதி முடி, தர்றேன்" என்றாய். அது அந்த டாக்டர் படிப்புக்கான பரீட்சை. பத்திரமான இடம் எது? உன் கார் டிக்கி. விடிந்தால் அதை ஏற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போவாய், வெட்டவெளி பார்க்கிங்கில் நாளெல்லாம் நிறுத்துவாய், பொழுது சாய்ந்து திரும்புவாய். ஆகஸ்டு மாசத்து வெயில். ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும். ஒரு நாள் மளிகைப் பையை வைக்க செல்வி டிக்கியைத் திறந்தாள், பெட்டி இருந்தது, கொண்டுவந்து சுமதியிடம் கொடுத்தாள். திறந்து பார்த்தோம். மேல் பலகை ஒரு பக்கமாக வாய் பிளந்திருந்தது. கழுத்து பெயர்ந்து சாய்ந்து, தந்தியெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. ஒட்ட வைத்திருந்த பசை இளகிப்போயிற்றாம். பச்சைப் பிள்ளையைக் கார் டிக்கியில் வைக்க மாட்டான் ஒரு மனுசன், அதற்கு மூச்சு வாங்கும் என்று தெரியும். இதற்கும் மூச்சு உண்டு என்று உனக்குத் தெரியவில்லை. "ஹீட்ல இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றாய். எண்ணெய்க் குழாய் எத்தனை சூட்டைத் தாங்கும் என்று ஒரு கம்பெனிக்கே சொல்லிக் கொடுக்கிற இன்ஜினீயர் நீ. உனக்குத் தெரியாது.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளந்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். தொங்கிய தந்தியைச் சுருட்டி உள்ளே வைத்து மூடினாள். ரெண்டு நாளில் காலேஜுக்கு பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு உன் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. நீ ஆபீஸ் போன பிறகு எனக்குப் போன் பண்ணுவாள். காலேஜ் வயலினை இரவல் வாங்கி வாசித்தாள். அந்த ஊரில் இதைச் சரி பண்ணுகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மாசக்கணக்கில் மெல்ல மெல்ல ஒட்டிக் கொடுத்தார். நீ ஒரு தடவை போனை எடுத்துக் கேட்டதுண்டா? உன் வாயில் ஒரே ஒரு பேச்சுத்தான், "பயாலஜி."

இன்னொன்றும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். காலையில் ஷேவ் பண்ணும்போது நீ விசில் அடிப்பாய். அது அவள் அறையில் ராத்திரி தோறும் பழகின அந்த நீளமான மெட்டு, நடுவில் ஒரு இடத்தில் இறங்கி மறுபடியும் ஏறுமே, அது. அந்த இறக்கத்தைத் தப்பில்லாமல் அடிப்பாய். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தவன் வாயில் அது எப்படி வந்தது? சுவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்த ஆகஸ்டிலிருந்து உன் பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

இந்தச் சித்திரையில் அவளுக்கு சீனியர் ரெசைட்டல். மியூசிக் மேஜர் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷம் தனியாக ஒரு கச்சேரி பண்ண வேண்டும், படித்ததெல்லாம் அதில் தெரிய வேண்டும். வெள்ளைக் கார்டில் அச்சடித்து நம் எல்லோர் பெயருக்கும் அனுப்பியிருந்தாள், உன் பெயர்தான் முதலில். நீ அதை மைக்ரோவேவ் மேல் கவிழ்த்து வைத்தாய். "அன்னிக்குச் சங்கத்துல புத்தாண்டு விழா. செகரெட்டரி நான் எப்படி வர்றது?" என்றாய். அப்போதுதான் செல்வி, உன் முகத்தைப் பார்க்காமல், பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நான் டிரைவ் பண்றேன் அத்தை" என்றாள். ஃப்ரீவே வேண்டாம் என்று ஊர்த் தெருவாகவே சுற்றிப் போகிறவள். லாரி பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவள். நாலு மணி நேர வழியை அவள் ஆறு மணி நேரமாக ஓட்டினாள். வழியெல்லாம் முருகா முருகா என்று ஒருத்தி, பார்த்து சாமி பார்த்து என்று இன்னொருத்தி. போய்ச் சேர்ந்தோம்.

அங்கே குத்துவிளக்கு இல்லை. பொன்னாடை இல்லை. சிறப்பு விருந்தினர் என்று யாரும் அரை மணி நேரம் மைக்கைப் பிடிக்கவில்லை. மரத்தால் ஆன சின்ன ஹால். ஈரத் தலையோடு, அரை நிஜாரோடு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன. முன் வரிசையில் எங்கள் பக்கத்தில் சுமதி ஒரு நாற்காலியில் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். யாரோ ஒரு பையன் வந்து, உட்காரலாமா என்று ஜாடை காட்டினான். செல்வி இல்லையென்று தலையை ஆட்டிவிட்டாள். ஹால் நிறைந்து, பின்னால் சுவரோரம் நின்றார்கள். கோட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

முதல் பாதி நின்று வாசித்தாள், ஒரு பெண் பியானோவில் கூட வந்தாள். எனக்கு அதெல்லாம் பேர் தெரியாது. ரெண்டாம் பாதிக்கு மேடையில் ஒரு பாய் விரித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அத்தனை பேர் முன்னால், அவசரப்படாமல், முறுக்காணியைத் திருகிச் சுதியை மாற்றினாள். ஒட்டின கோடு விளக்கு வெளிச்சத்தில் என் இடத்திலிருந்தே தெரிந்தது. வாசிப்பதற்கு முன்னால் இங்கிலீஷில் ஏதோ பேசினாள். செல்வி அதைத் தமிழில் என் காதில் சொன்னாள்: "எங்க அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃப்ரீவேல என்னைக் கூட்டிட்டுப் போவாரு. மழையில தெருவெல்லாம் தண்ணி நின்னப்பக்கூட ஒரு நாள் கூட்டிட்டுப் போனாரு. அந்த டிரைவ் இல்லேன்னா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்." எல்லோரும் கை தட்டினார்கள். அங்கே இல்லாத மனுசனுக்கு, ஒரு கோட்டைப் பார்த்து, அத்தனை பேர் கை தட்டினார்கள் கண்ணு. டிக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. நான் விட்டுக்கொடுக்கிறேன், இதோ, உன்னுடைய மலரிலேயே. பிறகு அவள் வாசித்தது அந்த மெட்டைத்தான், நீ விசில் அடிப்பதை. அந்த இறக்கத்துக்கு வந்தபோது ஒரு ஹாரன் கேட்கும் என்று என் உடம்பு தானாகத் தயாரானது. கேட்கவில்லை. முழுசாக, கடைசி வரைக்கும், அவளை யாரும் கூப்பிடாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இதைப் படித்து இவள் எப்படிப் பிழைப்பாள் என்று கேட்பாய். எனக்கும் தெரியாது. அடுத்த மாசம் பட்டம் வாங்குகிறாள். ஏதோ ஒரு ஸ்கூலில் ஆறாவதுப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றாள். உன் வீட்டு மாதிரி வீடு வராது, உன் கார் மாதிரி கார் வராது. நீ பயப்படுகிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பெட்டியோடு வந்து இந்த ஊரில் நீ பட்டதெல்லாம் எனக்கு எழுதியிருக்கிறாய், அந்த வரியெல்லாமும் எனக்கு மனப்பாடம்தான். ஆனால் பயந்தவன் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். பயாலஜி என்று சொல்லக் கூடாது.

இனி என் விஷயம். சங்கத்தில் அம்மா எங்கே என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பொய்யை யோசித்து வைத்திருப்பாய், உனக்குக் கஷ்டமில்லை. ஆனால் மலர் அச்சாகி வந்துவிட்டால் அந்தப் பொய்யும் செல்லாது. செல்வியை அனுப்பாதே, நான் ஏற மாட்டேன். டிக்கெட் எடுத்து அனுப்பாதே, எனக்குத் தனியாகப் போகத் தெரியாது என்று உனக்கே தெரியும். நீ வா. பட்டமளிப்புக்கு முன்னால் வா, அன்றைக்கும் கோட்டைப் பார்த்துக் கை தட்ட எனக்குத் தெம்பு இல்லை. சுமதி வீடு மாடியில் இருக்கிறது, மரப்படி. சாயந்திரத்தில் எப்போதும் பழகிக்கொண்டிருப்பாள், தெருவிலேயே கேட்கும். நீ வருகிற நேரம் அவள் பாதியில் இருப்பாள், அதுதான் உன் ராசி. காரை நிறுத்து, ஏசியை அணை, பேப்பரை சீட்டிலேயே போட்டுவிடு. ஹாரன் அடிக்காதே. படி ஏறி உள்ளே வா.

உன் அம்மா